விதைநெல்லைக் கேட்கும் வாத்தியார்

நுழைவுக் கட்டணம் இல்லை! வாருங்கள், அமருங்கள், தொண்ணூறே நிமிடம் கேளுங்கள், செல்வராவதற்கு வழி காட்டுகிறோம்! இப்படி ஓர் அழைப்பு. இடம், அமெரிக்க நாட்டிலே ஒரு நகரத்து ஓட்டல் மண்டபம். காலம், 2008-ஐ ஒட்டிய ஆண்டுகள்.

மண்டபத்துக்கு வெளியே என்ன நிலைமை? ஊரெங்கும் ஓலம். வீட்டுக் கடன் கட்ட முடியாமல், கட்டிய வீட்டை வங்கிக்குப் பறிகொடுத்துவிட்டு, தட்டுமுட்டுச் சாமான்களோடு தெருவிலே நின்ற குடும்பங்கள் இலட்சக்கணக்கில். 1850-லே தோன்றிய லேமன் பிரதர்ஸ் எனும் பெரும் நிறுவனமே 2008 செப்டம்பரில் மண்ணைக் கவ்வியது. ஆலைகளிலே ஆட்குறைப்பு, அலுவலகங்களிலே கதவடைப்பு.

மண்டபத்துக்கு உள்ளே? குளுகுளு அறை. பணத்தைப் பற்றிய பாட்டு ஒலிக்கிறது. மேடையிலே மிடுக்கான உடையுடன் ஒரு வாத்தியார். ஜப்திக்கு வந்த வீடுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கலாம், கைப்பணம் போடாமலே வாங்கலாம், பிறர் பணத்தைக் கொண்டு வாங்கிப் பிறருக்கே விற்று இலாபத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். வெளியே வீட்டை இழந்தவன் அழுகிறான். உள்ளே, அந்த வீட்டை வாங்க வழி தேடுகிறான் அவனைப் போன்றே வேலையை இழந்த இன்னொருவன்! அவன் பேராசைக்காரன் அல்லன், தோழர்களே. கையிலிருக்கும் கொஞ்சம் சேமிப்பு கரைவதற்குள் கரையேறிவிட வேண்டுமே என்ற கவலைக்காரன். இப்படிப்பட்ட விலையுயர்ந்த வகுப்புகள், வீட்டு மனைத் தொழிலிலே அடியெடுத்து வைக்கும் ஏழை எளியவனுக்கு, நடுத்தரக் குடும்பத்தானுக்கு, உதவுகின்றனவா? உள்ளதைக் கொண்டே பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் நிறுவனம் ஊரறிந்தது. உலகறிந்தது என்றும் சொல்லலாம். டிரம்ப் பல்கலைக் கழகம்! பெயரைப் பார்த்தீர்களா, பல்கலைக் கழகமாம்! பட்டமும் இல்லை, பாடத் திட்டத்துக்கு அரசு ஒப்புதலும் இல்லை. 2005 மே திங்களில் தொடங்கினார்கள். அதே ஆண்டிலேயே நியூயார்க் மாநிலக் கல்வித் துறை, உரிமம் இல்லாமல் பல்கலைக் கழகம் என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர் என்று எழுதியது. சொல் நீங்கியதா? நீங்கியது, 2010-லே! அந்த ஆண்டு பெயரையும் மாற்றினார்கள், கடையையும் கட்டினார்கள். உரிமமின்றிப் பள்ளி நடத்தியதற்கு டொனால்ட் டிரம்ப் அவர்களே பொறுப்பு என்று நியூயார்க் வழக்கு மன்றம் ஒன்று 2014 அக்டோபரில் கூறியது. பின்னர் 2016-லும் 2024-லும் குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்ற அதே டிரம்ப்தான்.

அந்த ஏணியின் படிகளைப் பாருங்கள். முதற்படி இலவசம். அங்கே போனால், அடடா, ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் சொல்லிவிட முடியுமா? மூன்று நாள் வகுப்பு இருக்கிறது, அங்கே முழுதும் சொல்லுவோம் என்பார்கள். கட்டணம் 1,495 டாலர். மூன்று நாள் வகுப்புக்குப் போனால்? அய்யா, இது தொடக்கந்தான். தனியே ஒரு குரு உமக்கு வேண்டும், அவர் உம் ஊருக்கே வந்து கைபிடித்து அழைத்துச் செல்வார் என்பார்கள். தங்கத்தின் பெயரையே சூட்டிய அந்தத் திட்டத்துக்குக் கட்டணம் 34,995 டாலர்! ஒவ்வொரு படியிலும் சொல்லப்பட்டது அடுத்த படியின் அருமைதான் என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2013-லே தொடுத்த வழக்கில் குற்றம் சாட்டினார். டிரம்ப் தாமே பொறுக்கியெடுத்த ஆசிரியர்கள் என்று விளம்பரம். வழக்கிலே விசாரித்தபோது, தாம் பொறுக்கவில்லை என்பது அவர் வாய்மொழியாகவே வந்தது. அவர் வருவார், காணலாம் என்று காத்திருந்த மாணவர்களுக்குக் கிடைத்தது அவருடைய ஆளுயர அட்டை உருவம். அதன் பக்கத்திலே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம்!

இவையெல்லாம் வெளிப்பூச்சு. உள்ளே இருந்த எந்திரத்தைக் காட்டியது ஒரு கையேடு. வகுப்பு நடத்துவோருக்கென்று அந்த நிறுவனம் எழுதி வைத்திருந்த விதி நூல் அது. 2016 மே இறுதியில், கலிபோர்னியாவில் வழக்கை விசாரித்த நீதிபதி கான்சாலோ கூரியல் ஆணையிட, வெளிச்சத்துக்கு வந்தது. (அந்த நீதிபதி பிறந்தது இந்தியானா மாநிலத்திலே. ஆனாலும் அவர் மெக்சிகோக்காரர், எனக்கு நியாயம் வழங்கமாட்டார் என்று டிரம்ப் பேசினார். பிறப்பைக் காட்டித் தீர்ப்பை இகழும் வித்தை எங்கேயும் ஒன்றுதான் போலும்!)

அந்தக் கையேட்டில் என்ன இருந்தது? மனையை அளப்பது எப்படி என்றா? பத்திரத்திலே வில்லங்கம் பார்ப்பது எப்படி என்றா? மண்டபத்தின் வெப்பம் 68 பாரன்ஹீட்டுக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. நாற்காலிகளை எப்படிப் போடுவது என்று இருந்தது. வந்தவர்கள் எழுதித் தந்த சொத்து விவரங்களைக் கொண்டு, கையிலே உடனே எடுக்கக்கூடிய பணம் யாரிடம் எவ்வளவு என்று வரிசைப்படுத்தும் முறை இருந்தது. மாணவரின் மதிப்பெண் அல்ல, மாணவரின் மடிப்பணம்! எதிரே இருப்பவரின் தேவை என்ன என்று கண்டறி. மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டு உணவுக்குப் பணம் தேடுகிறவரா, நாள்தோறும் இரண்டு மணி நேரம் வேலைக்குப் பயணம் செய்து அலுத்துப்போனவரா, அறிந்துகொள் என்ற பொருளில் அறிவுரை இருந்தது. எதற்காக அறிவது? உதவுவதற்கா? இல்லை, எந்த நரம்பைத் தொட்டால் பணப்பை திறக்கும் என்று தெரிந்துகொள்ள. இன்னொன்றும் உண்டு: அரசு வழக்கறிஞர் வந்து நின்றால் உடனே யாரைத் தொடர்பு கொள்ள வேண்டும் என்பதும் அதிலே எழுதப்பட்டிருந்தது. பாடசாலைக்கு இன்ஸ்பெக்டர் வருவார் என்று அஞ்சும் வாத்தியாரைக் கண்டிருக்கிறோம். வழக்குத் தொடுப்பவர் வருவார் என்று முன்கூட்டியே விதி எழுதி வைத்த வாத்தியாரை இங்கேதான் காண்கிறோம்.

நம் நெஞ்சை உறுத்திய செய்தி இவற்றினும் சிறியது. அந்த நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிலே பணியாற்றிய ஒருவர் உறுதிமொழியிட்டு அளித்த வாக்குமூலம் அது. ஒரு தம்பதி வந்தார்கள். உடற்குறைக்காக ஓர் உதவித் தொகை அவர்களுக்கு வந்துகொண்டிருந்தது. 35,000 டாலர் திட்டத்தில் சேர வேண்டுமானால், அந்த உதவித் தொகையையும் கொடுத்து, குடியிருக்கும் வீட்டின் மேலும் கடன் வாங்கியாக வேண்டும். இவர்களுக்கு இது தகாது என்று அந்த ஊழியருக்குத் தோன்றியது. வற்புறுத்தவில்லை. மேலிருந்தோர் அவரைக் கண்டித்தார்கள். அவர் விட்ட இடத்தில் இன்னொரு விற்பனையாளர் போய்ப் பேசி, அந்தத் திட்டத்தை அவர்கள் தலையிலே கட்டினார்! இதையெல்லாம் பார்த்துச் சகியாமல் வேலையை விட்டதாக அவர் சொல்லுகிறார். விற்பவனுக்குள்ளும் ஒரு மனிதன் இருந்தான், தோழர்களே. அவனுக்கு அங்கே இடமில்லை.

சரி, உணர்ச்சியை ஒதுக்கி வைத்துக் கணக்குக்கு வருவோம். நம் தொழிலாளத் தோழர்கள் கணக்கிலே புலிகள். சீட்டுக் கட்டி, கூட்டுறவுச் சங்கத்திலே கடன் வாங்கி, வட்டி எப்படி வளரும் என்று விரல் நுனியிலே வைத்திருப்பவர்கள்.

வீடு வாங்கித் தொழில் தொடங்க நினைக்கும் அமெரிக்கனுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று முன்பணம். விலையில் ஐந்தில் ஒரு பங்கு கையிலே இருந்தால் வங்கிக்காரன் முகம் கொடுத்துப் பேசுவான். இன்னொன்று, கடன் மதிப்பெண். கடனை ஒழுங்காகக் கட்டுகிறானா, அட்டையிலே அனுமதித்த கடனில் எவ்வளவைத் தின்று வைத்திருக்கிறான் என்றெல்லாம் பார்த்து, ஒவ்வொருவனுக்கும் அந்த நாட்டிலே ஓர் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த எண் குறைந்தால் கடன் கிடையாது. கிடைத்தாலும் வட்டி கூடும்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். 34,995 டாலர் என்பது எவ்வளவு? ஏறக்குறைய 1,75,000 டாலர் வீட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு. 2009 வாக்கில் அந்த நாட்டிலே நடுத்தரமான ஒரு வீட்டின் விலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! அதாவது, வீடு வாங்குவது எப்படி என்ற பாடத்தின் விலை, வீடு வாங்குவதற்கான முன்பணம். உழவுப் பாடம் சொல்லித் தருகிறேன், விதைநெல்லைக் கூலியாகக் கொடு என்கிறான் வாத்தியார். கொடுத்துவிட்டு வயலுக்குப் போனால் எதை விதைப்பது?

இரண்டாவதையும் பாருங்கள். கையிலே பணம் இல்லாதவனுக்கு என்ன வழி சொன்னார்கள்? மூன்று நாள் வகுப்பிலே, கடன் அட்டை நிறுவனங்களுக்குப் பேசி உங்கள் கடன் வரம்பை உயர்த்திக் கொள்ளுங்கள், வீடு வாங்கும்போது உதவும் என்றார்களாம். வரம்பு உயர்ந்தது. உயர்ந்த வரம்பு வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த வகுப்பின் கட்டணத்துக்கே போயிற்று. இதுவும் அந்தக் குற்றப் பத்திரிகையிலே உள்ளதுதான். 35,000 டாலரை அட்டையிலே ஏற்றி, நூற்றுக்கு 18 வட்டி என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 6,300, மாதம் 525. அசலில் ஒரு காசு குறையாமல், வெறும் வட்டி! அட்டை நிரம்பியதால் கடன் மதிப்பெண் விழும். மாதத் தவணை ஏறியதால், இவன் வருவாயிலே பாதி ஏற்கெனவே கடனுக்குப் போகிறதே என்று வங்கி கைவிரிக்கும். முன்பணமும் போயிற்று, மதிப்பெண்ணும் போயிற்று. வகுப்புக்குப் போகாதவனைவிட, போய் வந்தவன் வீடு வாங்குவதிலிருந்து இன்னும் பத்துக் காதம் தள்ளி நிற்கிறான்! கட்டணம் கொஞ்சம் அதிகம் என்பதல்ல நம் குறை. கற்றுக்கொடுத்த பாடம் உண்மையாகவே இருந்தாலும், அதைச் செய்து பார்க்கும் வலுவைப் பறித்துக்கொண்டு அல்லவா அனுப்புகிறார்கள்?

கைப்பணம் போடாமல் வாங்கலாம் என்றார்களே, அது பொய்யா என்று கேட்பீர்கள். முழுப் பொய் அல்ல. வீட்டுக்காரனிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு, அந்த ஒப்பந்தத்தையே இன்னொருவனுக்குக் கைமாற்றி இடையிலே ஒரு தொகை எடுப்பது அங்கே நடக்கிற தொழில்தான். ஆனால் அது முதலீடு அல்ல, தரகு. நூறு கதவைத் தட்டி ஒரு கதவு திறக்கும் அலைச்சல் தொழில். அடிக்கடி செய்தால் தரகர் உரிமம் எடு என்று இல்லினாய் போன்ற மாநிலங்கள் சட்டமும் போட்டுவிட்டன. ஜப்தி ஏலத்துக்குப் போனாலோ, பெரும்பாலும் ரொக்கமாகவோ வங்கி வரைவோலையாகவோ கீழே வை என்பான். தனியார் கடன்காரன் தருவான். வட்டி வங்கியைவிடப் பல மடங்கு கடுமை. அந்தத் தனியார் கடன்காரர்களின் அரிய பட்டியல் என்று மாணவர்களுக்குத் தந்தது, கடையிலே கிடைக்கும் ஒரு தொழில் பத்திரிகையின் பக்கங்கள்தாம் என்றும் வழக்கிலே சொல்லப்பட்டது.

மறுதரப்பையும் சொல்லியாக வேண்டும். வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் எழுதித் தந்த தாள்களைக் காட்டி, நூற்றுக்கு 98 பேர் மனநிறைவு தெரிவித்தார்கள் என்று டிரம்ப் தரப்பினர் வாதாடினர். இருக்கலாம். ஆனால் எப்போது எழுதிய தாள்? வகுப்பு முடிந்த சூட்டிலே, பெயரையும் போட்டு! வாங்கிய விதை முளைத்ததா என்று விதைக்கடை வாசலிலே நிற்கும்போதே கேட்டால் என்ன பதில் வரும்? வகுப்புக்குப் போய் நன்மை பெற்றோரும் சிலர் இருக்கத்தான் செய்வார்கள். சொல்வழக்குகள் தெரிகின்றன, துணிவு வருகிறது, நாலு பேர் பழக்கமாகிறார்கள். அதை நாம் மறுக்கவில்லை. தச்சு வேலை தெரிந்தவன், மின்கம்பி இழுக்கத் தெரிந்தவன், பழைய வீட்டின் சுவரைத் தட்டிப் பார்த்தே பழுதின் விலையைச் சொல்லக்கூடிய கொத்தனார், இவர்களுக்கு எந்த வகுப்பும் கூடுதல் பயன் தரும். ஆனால் அவர்கள் வென்றது வாத்தியாராலா, கையிலே இருந்த தொழிலாலா?

வழக்கு என்ன ஆயிற்று? நாடெங்கும் 5,000-த்துக்கு மேற்பட்டோரிடம் 4 கோடி டாலர் பெறப்பட்டது என்று நியூயார்க் வழக்கறிஞர் கூறியிருந்தார். சமரசத்துக்கு ஒருபோதும் இணங்கேன் என்று முழங்கினார் டிரம்ப். 2016 நவம்பர் 8 தேர்தலில் வென்றார். நவம்பர் 28 விசாரணை நாள். நவம்பர் 18-லே 2 கோடியே 50 இலட்சம் டாலர் கொடுக்க இணங்கினார், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே. 2018-லே மேல்முறையீட்டு மன்றமும் அந்த உடன்பாட்டை உறுதி செய்தது. மனுச் செய்த மாணவர்களுக்குக் கட்டிய தொகையில் பெரும்பகுதி திரும்பியது. கட்டியது 2008, 2009 போன்ற ஆண்டுகளில்; வந்தது 2018-லே! வீட்டு விலை தரையிலே கிடந்த காலம் இடையிலே வந்து, இடையிலேயே போய்விட்டது. அந்தப் பத்தாண்டை எந்த மன்றம் திருப்பித் தரும்?

ஒரு கடை மூடியதால் தெரு திருந்திவிடவில்லை. யூட்டா மாநிலத்திலே ஜூரிக்ஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. வீட்டைப் பழுது பார்த்து விற்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் நட்சத்திரங்கள் விளம்பர முகம். அங்கேயும் முதற்கூட்டம் இலவசம். மூன்று நாளுக்கு 1,997 டாலர். மேல்வகுப்பு 41,297 டாலர் வரை! ஏணி அதே ஏணி, எண் மட்டும் பெரிய எண். 2019-லே அமெரிக்கக் கூட்டரசின் வர்த்தக ஆணையமும் அந்த மாநிலமும் சேர்ந்து வழக்குத் தொடுத்தன. அதிலே ஒரு குற்றச்சாட்டு நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களிடம், சரி தருகிறோம், ஆனால் அரசாங்கத்திடம் பேசமாட்டேன், எங்களைக் குறைகூறி எங்கும் எழுதமாட்டேன் என்று கையெழுத்துப் போடு என்றார்களாம்! நல்ல பாடம் சொன்னவன் மாணவன் வாயைப் பூட்டுவானேன்?

அப்படியானால் தொடங்க நினைப்பவன் என்ன செய்வான்? அங்கேயே வழி இருக்கிறது. கொட்டு முழக்கம்தான் இல்லை. வீட்டுத் தரகராக உரிமம் பெற டெக்சாஸ் மாநிலம் கேட்பது 180 மணி நேரப் பாடம், கலிபோர்னியா 135, நியூயார்க் 77. சட்டம், பத்திரம், கடன், மதிப்பீடு எல்லாம் அதிலே உண்டு. கட்டணம் பெரும்பாலும் சில நூறு டாலருக்குள் முடியும். (பிறர் வீட்டை விற்றுக் கொடுக்க 180 மணி நேரம் படித்தாக வேண்டும், வீடு விற்றுப் பணக்காரர் ஆக்குகிறேன் என்று மேடையேறுபவருக்கு ஒரு மணி நேரப் படிப்பும் கட்டாயமில்லை!) வீட்டு வசதி, நகர் வளர்ச்சித் துறையின் ஒப்புதல் பெற்ற ஆலோசனை நிலையங்கள் ஊர்தோறும் உண்டு, இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ உங்கள் வரவு செலவைப் பார்த்து, முடியும் முடியாது என்று சொல்லுவார்கள். முடியாது என்று சொல்லும் துணிவு, 35,000 டாலர் குருவுக்கு ஏது?

முன்பணம் குறைவாக உள்ளவனுக்கு, கூட்டரசு வீட்டு நிர்வாகம் காப்புறுதி தரும் கடன் ஒன்று உண்டு. மதிப்பெண் 580-க்குக் குறையாதிருந்தால் நூற்றுக்கு மூன்றரை முன்பணம். நான்கு குடித்தனம் வரை உள்ள கட்டடத்தையும் அதிலே வாங்கலாம். ஒரு நிபந்தனை, வாங்குபவன் அதில் ஒரு பகுதியிலே குடியிருக்க வேண்டும். 3,00,000 டாலர் கட்டடத்துக்கு முன்பணம் 10,500. ஒரு பகுதியில் தான் இருந்து, மற்றவற்றை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையைத் தவணைக்குச் சேர்த்துக் கட்டி, குழாய் ஒழுகினால் தானே போய் அடைத்து, ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு என்று தொழிலைக் கற்கும் உழைப்பாளிகள் அந்த நாட்டிலே எத்தனையோ பேர். இரவு இரண்டு மணிக்குக் குடித்தனக்காரன் கதவைத் தட்டுவதும் அதிலே ஒரு பாடம். அதை எந்த ஓட்டல் மண்டபத்திலும் சொல்லித் தரமாட்டார்கள்.

அந்தத் தெருவிலே எந்த வீடு யாருடையது, கடைசியாக என்ன விலைக்குக் கைமாறியது, என்ன வரி, என்ன அடமானம் என்ற விவரங்கள் பெரும்பாலும் கவுண்டி அலுவலகத்துப் பதிவேடுகளிலே இருக்கின்றன. எவரும் போய்ப் பார்க்கலாம். பல மாநிலங்களில் பார்ப்பதற்குக் கட்டணமே கிடையாது. நகல் வேண்டினால் மட்டும் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறார்கள்.